கதவில் அறுத்த இரண்டடி

ஜூன் 4

தம்பிக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே, வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம்.

நம் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. பதினைந்து வருஷம் மனு எழுதி எழுதி நான் தேய்ந்தது உனக்குத் தெரியும். தலைமையாசிரியையாக இருந்தபோது நடக்காத காரியம், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து நடக்கிறது. இடம், நம் தெருக்கோடியில் ஆற்றைப் பார்த்த மைதானம். சின்னப் பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த நிம்மதி எனக்குப் போதும்.

இந்த ஊரில் இதுவரை வந்த வெள்ளம், காற்று, வறட்சி எல்லாவற்றுக்கும் ஒரு வரலாறு வேண்டும் என்று இஞ்சினியர் கேட்டார். நகரசபைத் தலைவர் உடனே என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "அதுக்கு டீச்சரை விட்டா யாரு இருக்காங்க?" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். எழுதியிருப்பதன் சுருக்கம் இது:

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் முதல் வெள்ளம். நம் வீட்டுக்குள் மூன்றடி. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் பெருங்காற்று. பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை முழுக்கப் போனது. அதற்கு நான்கு வருஷம் கழித்து வறட்சி. இரண்டு கோடை ஆற்றில் பந்து விளையாடினார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இரண்டாம் வெள்ளம். வீட்டுக்குள் இரண்டரை அடி. பதினோரு வருஷத்துக்கு முன் ஆலங்கட்டி மழை. நான்கு வருஷத்துக்கு முன் மூன்றாம் வெள்ளம். இரண்டடி.

மூன்று, இரண்டரை, இரண்டு. ஆற்றுக்குக் கரை கட்டியதால் வெள்ளம் தணிந்துகொண்டே வருகிறது என்று முடித்திருக்கிறேன். அதை வைத்துத்தான் புதுக் கட்டடத்தின் தரைக்கு மூன்றடி உயரப் பேஸ்மட்டம் போதும் என்று இஞ்சினியர் சொல்லிவிட்டார்.

ஆலங்கட்டி மழை எந்த மாசம்? காற்றில் போன தகடு எத்தனை? நீ அப்போது அப்பாவுடன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஞாபகம் இருந்தால் எழுது. உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. 'வேலை விஷயமாக' என்ற வரியைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். "வக்கீல் நோட்டீஸா அனுப்பாம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்றாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். கூரை முழுக்கப் போகவில்லை. இருபது தகட்டில் பதினாறு போனது, நான்கு நின்றது. நின்ற நான்கும் அப்பா போல்ட்டு முடுக்கியது. போன பதினாறும் காண்ட்ராக்டர் ஆட்கள் போல்ட்டை ஒன்று விட்டு ஒன்று முடுக்கியது. அதனால் பழி முழுவதையும் காற்றின் தலையில் போடாதே. ஒரு தகடு இரண்டு மைல் தள்ளிச் செங்கல் சூளையில் கிடந்தது. சூளைக்காரர் அதைத் திருப்பித் தரவே இல்லை, அதையும் எழுதிவிடு.

ஆலங்கட்டி மழை மே மாசம். நம் தெரு டெய்லர் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய், வெறும் கம்பியோடு திரும்பி வந்தாரே, அன்றைக்குத்தான்.

இப்போது நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். மூன்று வெள்ளத்தையும் எங்கிருந்து அளந்தாய்? நம் வாசற்கதவு இன்றைக்கு எத்தனை அடி உயரம்? டேப் வைத்து அளந்து எழுது. சண்டைக்காகக் கேட்கவில்லை.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

எங்கிருந்து அளந்தாய் என்றால் என்ன அர்த்தம்? தரையிலிருந்துதான். வானத்திலிருந்தா அளப்பார்கள்? ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வடிந்த மறுநாளே சுவரில் கறை இருந்த இடத்தை நானே அளந்து டைரியில் எழுதி வைத்தவள். என் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க ஒருத்தர் பிறந்து வரவேண்டும்.

கதவை எதற்கு இழுக்கிறாய் என்று புரியாமல் இல்லை. போன வெள்ளத்துக்கு அப்புறம் தரையை இன்னும் அரையடி உயர்த்திக் கொடு என்று கேட்டேன். நீ முடியாது என்றாய். "இந்த வீட்டை விட்டுட்டு மேட்டுப் பக்கம் போயிடலாம்" என்றாய். காரணம் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளம்தான் தடவைக்குத் தடவை குறைகிறதே, பிறகு எதற்குப் பயம்? நான் வேறு கொத்தனாரை வைத்து உயர்த்திக்கொண்டேன். அவர் கூட்டி வந்த ஆசாரி கதவையும் அறுத்துச் சரிசெய்தார். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு அந்தக் கொத்தனார் முன்னால் நான் சொன்னது கொஞ்சம் அதிகப்படிதான். நீ என்னை 'இந்த வீட்டுக்கு வாட்ச்மேன்' என்றதும் குறைச்சல் இல்லை.

கதவை நான் அளக்கவில்லை. அளக்கவும் போவதில்லை. ஜூலை இருபதாம் தேதி அஸ்திவாரக் கல் நடுகிறார்கள். கல்லில் என் பேரையும் பொறிக்கலாமா என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உன்னிடம் மறைப்பானேன், ஆசையாகத்தான் இருந்தது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

கோபப்படாமல் கடைசி வரை படி. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. நம் வாசல் நிலையில் உன் தலை இடித்ததே கிடையாது. நான் ஐந்தடி எட்டு அங்குலம். அப்பா வீடு கட்டியபோது நிலை ஏழடி. முதல் வெள்ளத்துக்கு அப்புறம் தரையை முக்கால் அடி உயர்த்தினோம். நானும் மண் சுமந்தேன். புதுத் தரைக்குக் கதவு தட்டியது என்று அப்பா அதன் அடியில் முக்கால் அடி அறுத்தார். அறுக்கும்போது ஆடாமல் இருக்க நீ கதவின் மேல் ஏறி உட்கார்ந்தாய், நினைவிருக்கிறதா? இரண்டாம் வெள்ளத்துக்கு அப்புறம் இன்னொரு முக்கால் அடி. தரை போட்டது நான், கதவை அறுத்தது அப்பா. அதற்குப் பிறகு உள்ளே நுழையும்போதெல்லாம் எனக்கு நெற்றியில் இடிதான். "குனிஞ்சு வாடா, என்ன பெரிய மகாராஜாவா?" என்று நீ சிரிப்பாய்.

இப்போது கணக்குக்கு வா. முதல் வெள்ளம் மூன்றடி. அது பழைய தரையிலிருந்து. இரண்டாம் வெள்ளத்தில் நீ அளந்த இரண்டரை அடி, முக்கால் அடி உயர்த்திய தரையிலிருந்து. பழைய தரையிலிருந்து பார்த்தால் மூன்றேகால். மூன்றாம் வெள்ளத்தின் இரண்டடி, ஒன்றரை அடி உயர்த்திய தரையிலிருந்து. பழைய தரைக்கு மூன்றரை. மூன்று, மூன்றேகால், மூன்றரை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நாம் அதைவிட வேகமாகத் தரையை ஏற்றிக்கொண்டே போனதில் அது நமக்குத் தெரியவில்லை.

மைதானத்தை யாரும் உயர்த்தவில்லை. நம் பழைய தரையே மைதானத்து மண்ணைவிட ஒன்றரை அடி மேலே. அப்படியென்றால் போன வெள்ளத்தில் மைதானத்தில் ஐந்தடி நின்றிருக்கிறது. அங்கே போய் யார் நின்று பார்த்தார்கள்? மூன்றடி பேஸ்மட்டம் போட்டால் உன் வகுப்புக்குள் இரண்டடி தண்ணீர். அது போன வெள்ளம் திரும்பி வந்தால். அடுத்தது அதற்கும் மேலே வரும் போலிருக்கிறது.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் தெருவில் பதினேழு வீட்டுக்குத் தரை உயர்த்தியவன் நான். அந்தப் பதினேழு வீட்டிலும் 'முன்னே இடுப்பளவு வந்துச்சு, இப்ப முழங்காலோட சரி' என்றுதான் சொல்கிறார்கள். 'ஏறினது தரைதாங்க' என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. எனக்கே தோன்றவில்லை. மூன்றாம் தடவை நீ கேட்டபோது ஏதோ சரியில்லை என்று பட்டது, அதனால்தான் முடியாது என்றேன். காரணம் கேட்டாய். என்னிடம் காரணம் இல்லை, நெற்றியில் வீக்கம்தான் இருந்தது. உன் மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் காரணம் கிடைத்தது.

நம்பாவிட்டால் அப்பா அறுத்த கதவுத் துண்டுகளைத் தேடிப் பார். அவர் ஒரு மரச் சிராயைக்கூட எறிந்தவர் இல்லை.

தம்பி

ஜூலை 9

தம்பி,

அளந்தேன். ஐந்தடி.

துண்டுகளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் துண்டின் மேல்தான் என் அடுப்பு இருக்கிறது. இரண்டாவது, அப்பா சுவரில் அடித்துக் கொடுத்த அலமாரித் தட்டு. அதில்தான் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த பித்தளை மணியை வைத்திருக்கிறேன். மூன்றாவது, நான்கு வருஷத்துக்கு முன் அந்த ஆசாரி அறுத்த அரையடி, தையல் மிஷினுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. தினமும் இந்த மூன்றின் மேலும் கை வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கதவின் மேல் உட்கார்ந்து அழுத்திப் பிடித்தவளும் நான்தான். ரம்பம் ஓடும்போது உடம்பெல்லாம் கூசியதுகூட நினைவிருக்கிறது. பிள்ளைகள் அளவுகோலில் பூஜ்யத்தை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து அளந்தால் காதைத் திருகுவேன். என் காதை யார் திருகுவது?

தெருவில் எல்லா வீட்டு வாசலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாரும் குனிந்துதான் உள்ளே போகிறார்கள்.

அறிக்கை நகரசபையில் இருக்கிறது. இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் மைதானம் கை நழுவும். வேறு இடம் என்றால் மறுபடி முதலிலிருந்து மனு, மறுபடி ஐந்தாறு வருஷம். சொல்லாவிட்டால் இருபதாம் தேதி கல் நட்டுவிடுவார்கள், பூமாலையோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் மூன்றரை அடி. உட்கார்ந்தால் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே.

என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கிறேன். நான் கேட்டதாக வெளியே சொல்லாதே.

அக்கா

ஜூலை 14

அக்கா,

என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் பிள்ளைகளின் உயரத்தை எழுதியிருக்க மாட்டாய்.

நகரசபைக் கூட்டத்துக்கு நான் வந்தால் 'ஊரை விட்டு ஓடிய கொத்தனார் வந்திருக்கிறான்' என்று பேச்சு வேறு திசையில் போய்விடும். துண்டுகளை எடுத்துக்கொண்டு போ. எண்ணைச் சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள். மரத்தோடு யாரும் வாதம் செய்ய மாட்டார்கள்.

தம்பி

ஜூலை 23

தம்பி,

பதினெட்டாம் தேதி கூட்டத்துக்குப் போனேன். மூன்று துண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மளிகை வாங்கி வருகிறவள் மாதிரி.

என் அறிக்கை தப்பு என்று சொன்னேன். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர், நீங்க எழுதினதை நீங்களே அடிச்சா எப்படி?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல முப்பத்தெட்டு வருஷம் அதைத்தானே செஞ்சேன். தப்பா இருந்தா அடிச்சுட்டு, மேலே சரியா எழுதறது" என்றேன்.

துண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். "இந்த ஊருல வெள்ளம் குறையலைங்க. எங்க கதவுதான் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு" என்றேன். வழக்கமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் டெய்லர் ஒரு துண்டை எடுத்து, பழக்க தோஷத்தில் கழுத்தில் தொங்கிய டேப்பால் அளந்தார். அவர் வீட்டுக் கதவும் இப்படி அறுத்ததுதானே. மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டார்.

இஞ்சினியர் மட்டும் கதவை நேரில் பார்க்க வேண்டும் என்று கூடவே வீட்டுக்கு வந்தார். ஆள் நல்ல உயரம். நான் முன்னால் நுழைந்து, "குனிஞ்சு வாங்க" என்று சொல்வதற்குள் இடித்துக்கொண்டார். நிலையே அதிர்ந்தது. நெற்றியைத் தேய்த்தபடி அங்கேயே நின்று நிலையை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க டீச்சர், புரிஞ்சுது" என்றார்.

கல் நடுவதை நிறுத்திவிட்டார்கள். மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குப் புதிதாக எழுத வேண்டும். பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் தெருவில் பார்த்தபோது டெய்லர் சொன்னார், "கணக்கு சரிதான் டீச்சர். ஆனா கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டீங்க." பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அழுகையாக வந்தது. பதினைந்து வருஷம், தம்பி.

நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் கொத்தனார் முன்னால் உன்னைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் வீடு கட்டறவன் சொந்த வீட்டை விட்டு ஓடறான்" என்று சொன்னேன். அதையும் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அக்கா

நவம்பர் 16

அக்கா,

செய்தியில் நம் ஊர் ஆற்றைக் காட்டினார்கள். இரண்டு நாளாக உன் போன் அடிக்கவே இல்லை. டெய்லர் போனும் அப்படித்தான். பாலம் மூடியிருப்பதால் பஸ் இல்லை. தபால் லாரி மட்டும் சுற்றுவழியாகப் போகிறதாம், அதில் இதைப் போடுகிறேன். கதவு ஐந்தடிதான், நீ குட்டைதான், ஆனால் தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது. அலமாரித் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்காதே. எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. நான் இங்கே தொண்டையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி

நவம்பர் 26

தம்பி,

நன்றாக இருக்கிறேன். நீ நிம்மதியாகச் சாப்பிடு.

செப்டம்பரிலேயே நான் மேட்டில் தொட்டிப் பக்கம் ஒரு வாடகை அறைக்கு மாறிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று எழுதுவாய், அதைப் படிக்கிற தெம்பு அப்போது எனக்கில்லை. இப்போது எழுதிக்கொள், பரவாயில்லை.

தண்ணீர் பதினான்காம் தேதி மத்தியானம் ஏறியது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. டெய்லர் கடையில் இரண்டு தையல் மிஷின் போனது. வடிந்த மறுநாள் போய் வீட்டுக்குள் அளந்தேன். தரையிலிருந்து ஒன்றேமுக்கால் அடி. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர், "இந்த வாட்டி கம்மிதான்" என்று தொடங்கினார்கள். தொடங்கிவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பழைய தரைக்கு மூன்றேமுக்கால். இப்போதெல்லாம் நிலையின் மேல்சட்டத்திலிருந்து கீழ்நோக்கித்தான் அளக்கிறேன். அது ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

மைதானத்தில் ஐந்தேகால் அடி. டெய்லர் தண்ணீரின் ஓரத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "பள்ளிக்கூட நேரத்துல வந்திருக்கு டீச்சர்" என்றார். அவருடைய பேத்தி ஒன்றாம் வகுப்பு.

தொட்டிக்குப் பின்னால் உள்ள இடத்துக்கு இந்த வாரமே கையெழுத்தாகிவிட்டது. கோடைக்குப் பிறகு வேலை தொடங்கும். சாலையைத் தாண்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று கேட்டார்கள். காலையிலும் சாயங்காலமும் நான் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சிவப்புத் துணியில் கொடி தைத்தாகிவிட்டது. வாட்ச்மேன் வேலைதான், நீ சொன்னபடியே. அறிக்கையையும் புதிதாக எழுதிக் கொடுத்தேன், நான்கு வெள்ளமும் பழைய தரைக் கணக்கில். சூளைக்காரர் தகடு திருப்பித் தராததை மட்டும் சேர்க்கவில்லை.

மேட்டில் எனக்கும் இரண்டு அறை எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் முடிந்தது. வாசலில் இப்போதைக்குத் தகரம் சாத்தியிருக்கிறேன். நேற்று ஆட்களை வைத்துப் பழைய வீட்டு நிலையைப் பெயர்த்தேன். தரையைத் தோண்டத் தோண்ட, புதைந்திருந்த இரண்டடியும் அப்பா அடித்த நீல வர்ணத்தோடு வெளியே வந்தது. அடி மட்டும் லேசாக உளுத்திருக்கிறது. மறுபடி அளந்தேன், சரியாக ஏழடி.

இங்கே இருக்கிற கொத்தனாரிடம் அதைக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை. கதவோடு மூன்று துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் சேர்த்து அடிக்க முடியுமா என்று நீதான் பார்க்க வேண்டும். பாலம் திறந்துவிட்டார்கள். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா.

இந்த வாசலில் நீ நிமிர்ந்தே வரலாம்.

அக்கா